நேரே போன சைக்கிள்

பள்ளிக்கூடத்தடி வேகத்தடையைக் கட்டியதும் நான்தான், உடைத்ததும் நான்தான். இரண்டுக்கும் ஊர் எனக்கு மரியாதை செய்தது. கட்டியபோது பெற்றார் சங்கம் மாலை போட்டது. உடைத்தபோது கோயிலில் முதல் மரியாதையாகக் காளாஞ்சி தந்தார்கள். இரண்டையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் அளவெட்டிப் பக்கம் எங்கள் ஊர். பிரதேச சபையில் வீதி வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடதாசியில் என் உத்தியோகப் பெயர் நீளமானது. ஆனால் எங்கள் பகுதியில் தார்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் குடையோடு நிற்கிறவன் எவனும் ஓவசியர்தான். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. கையில் அளவு நாடா இல்லாமல் வெளியே போனால் எனக்கு இன்றைக்கும் உடுப்பில்லாமல் போனது மாதிரி இருக்கும்.

அந்த வேகத்தடை நான் சபையில் இருந்தபோது கடைசியாகச் செய்த வேலைகளில் ஒன்று. ஆரம்பப் பாடசாலை வாசலுக்குச் சற்று முன்னால், எங்கள் ஒழுங்கை வீதியில் வந்து சேருகிற இடத்தில், வீதியை ஊடறுத்து ஒரு மேடு. உயரம் மூன்று அங்குலம். அதைப் போடுவதற்கு இரண்டு வருடம் கடிதம் எழுதினேன். போட்ட முதல் மாதம் மோட்டார் சைக்கிள்காரர் என்னைத் தூசணத்தால் பேசினார்கள். பிறகு பழகிவிட்டார்கள். எந்த அவசரக்காரனும் அந்த இடத்தில் நடை வேகத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். பிள்ளைகளும் தாய்மாரும் அந்த இடைவெளியில் கடந்துபோவார்கள்.

பிறகு அண்ணன் ஜீப் வாங்கினார்.

அண்ணன் கனடாவில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருவார். வந்தால் என்னுடைய பழைய சின்னக் காரில்தான் ஊர் சுற்றுவோம். அவருக்கு முழங்கால் இடிக்கும். கதவைச் சாத்தும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். போன முறை வந்தபோது முடிவாகச் சொல்லிவிட்டார்.

"உன்ரை தகரப்பேணியிலை இனி நான் ஏறமாட்டன். ஆரும் இடிச்சால் சப்பளிஞ்சு போவம். ஒரு பெரிய வாகனமா எடுத்து உன்னட்டை விடுறன். அது இடிச்சாலும் உள்ளுக்கு இருக்கிறவைக்கு ஒண்டும் நடவாது."

வெளியில் நிற்கிறவைக்கு என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் வீதியில் நின்று வேலை செய்தவன் கேட்டிருக்க வேண்டும்.

ஊரில் உயரமாக இருக்கிற எல்லா வாகனத்துக்கும் ஜீப் என்றுதான் பெயர். இதுவும் ஜீப்தான். கறுப்பு நிறம். வெறும் வாகனமே இரண்டரைத் தொன். என் பழைய காரைப்போல மூன்றை ஒன்றாகக் கட்டினால் கிட்டத்தட்ட அந்தப் பாரம் வரும். முன்மூடி, நாங்கள் பொனற் என்று சொல்வது, என் நெஞ்சுக்குக் கீழே நாலு விரல்கடையில் முடிந்தது. அளந்து பார்த்தேன், வேறென்ன. பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்குத் தேசிக்காய் வைத்து நசித்து, சிதறுதேங்காய் அடித்து, முதல் ஓட்டம் ஓடினேன். ஏறி இருந்தால் மதிலுக்கு மேலால் அயல் வீட்டு முற்றம் தெரியும். பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

இருபத்தைந்து வயதில் சின்னக் கார் ஓட்டிக் காட்டி எடுத்த லைசன்ஸ் இதற்கும் போதும். எந்த அரசாங்கக் கந்தோரிலும் யாரும் இதன் பாரத்தைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. வரியென்றால் எஞ்சினைப் பார்க்கிறார்கள், புகையென்றால் குழாயைப் பார்க்கிறார்கள். முன்னால் நிற்கிற மனிசரை ஓட்டுகிறவனுக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்கு ஒரு படிவமும் இல்லை. எங்களுடையது ஒரு அங்குல வேலிக்காகக் கோட்டுக்குப் போய் வழக்காடின ஊர். கிளுவை வேலியெல்லாம் மதிலாகிவிட்டது. வீதி ஒரு அங்குலமும் அகலவில்லை. வாகனம் மட்டும் வருடா வருடம் அகலித்துக்கொண்டு போகிறது. எங்கள் வீட்டு ஜீப் ஊரில் ஐந்தாவது.

அதே வருடம் அண்ணனின் மகன் தூக்குக் காவடிக்கு நேர்ந்திருந்தான். முதுகிலும் காலிலும் கொக்கி போல வளைந்த செடில்களைக் குத்தி, உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து முன்னால் நீட்டிய மரத்தில் ஆளைத் தொங்கவிட்டு, கோயில்வரைக்கும் கொண்டுபோவார்கள். உடம்பின் பாரம் முழுவதும் தோலில் நிற்கும். வீதியில் ஒரு குலுக்கல் வந்தாலும் அது செடிலில்தான் போய் இழுக்கும். முந்திய வருடங்களில் என் மேட்டடியில் வாகனத்தை நிறுத்தி, நாலு பேர் மரத்தைத் தாங்கிப் பிடிக்க, சக்கரத்தை மெல்ல மெல்ல ஏற்றி இறக்குவார்கள். அது முடியக் கால் மணித்தியாலம் எடுக்கும். பறை அடிப்பவர்கள் களைத்துப் போவார்கள். அவ்வளவுதான் சிரமம்.

அந்த முறை பதினொரு காவடி. கோயில் கூட்டத்தில் மேட்டை உடைக்கவேண்டும் என்று கேட்டார்கள். செயலாளர் நான். மற்ற எவன் கேட்டிருந்தாலும் எதிர்த்திருப்பேன். ஆனால் தொங்கப் போகிறவன் எங்கள் பிள்ளை. அவன் அங்கே வெளிநாட்டில் ஊசிக்குப் பயப்படுகிறவன் என்று அண்ணி ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார்.

பிரதேச சபைக்கு நானே கடிதம் எழுதினேன். "திருவிழா முடிந்து ஒரு கிழமைக்குள் ஆலய பரிபாலன சபையால் மீள அமைத்துத் தரப்படும்." கீழே என் கையெழுத்து. என் கையெழுத்தை அங்கே எல்லோருக்கும் தெரியும், ஒரே நாளில் அனுமதி வந்தது. அலவாங்கோடு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று உடைப்பித்தேன். அடுத்த நாள் பதினொரு காவடியும் தண்ணீரில் போவதுபோல் அந்த இடத்தைக் கடந்து போயின. அண்ணி என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். எங்கள் ஊரில் அந்த வேலிக்குக் காளாஞ்சியும் கொடுத்தார்கள்.

திருவிழா முடிந்தது. அண்ணன் குடும்பம் விமானம் ஏறியது. ஒரு கிழமை மூன்று கிழமையானது. தார் இல்லை என்றார்கள். உடைத்தவர்களே கட்டட்டும் என்றது சபை. வீதி சபையின் சொத்து என்றது கோயில். இரண்டு பக்கக் கடிதங்களையும் திருத்திக் கொடுத்தவன் நான். ஆனால் உண்மைக் காரணம் அது இல்லை. மேடு இல்லாமல் போனது எல்லோருக்கும் சுகமாக இருந்தது. ஜீப் வைத்திருந்த ஐந்து வீட்டாருக்கும் சுகமாக இருந்தது. எனக்கும்தான். அந்த இடத்தில் கியர் மாற்றாமல் ஒரே மூச்சில் ஒழுங்கைக்குள் திரும்பலாம்.

அன்றைக்கும் அப்படித்தான் திரும்பினேன். காலை ஏழேகால் இருக்கும். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தேன். எதிரே வீதியை அடைத்துக்கொண்டு பஸ் ஒன்று வந்தது. அது கிட்ட வருவதற்கு முன்னால் இடப்பக்கம் ஒழுங்கைக்குள் நுழைந்துவிடலாம் என்று கணக்குப் பார்த்தேன். கண் முழுவதும் பஸ்ஸில் இருந்தது. திருப்பினேன். இடது மூலையில் ஏதோ தட்டியது. சத்தம் பெரிதாக இல்லை. கல்லாக இருக்கும் என்றே நினைத்தேன். பிறேக்கை மிதித்தேன், வாகனம் மிதித்த இடத்தில் நிற்கவில்லை. தன் பாரத்தோடு இன்னும் கொஞ்சத் தூரம் போய்த்தான் நின்றது.

இறங்கிப் பார்த்தபோது முதலில் கண்டது சோற்றை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவருகிற பெண் அவர். அடுத்த ஒழுங்கை. நாற்பது வயதிருக்கும். விடியப்புறம் எழும்பிச் சமைத்து, சைக்கிள் கரியரில் சோற்று வாளியும் ஹாண்டிலில் கறி வாளியுமாகக் கொண்டுவருவார். சைக்கிள் ஜீப்புக்குக் கீழே கிடந்தது. அவர் மதிலோரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். தலையில் இரத்தம். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை.

ஆட்கள் ஓடிவந்தார்கள். பஸ்ஸிலிருந்தும் இறங்கினார்கள். யாரோ கேட்டார்கள்.

"என்ன ஓவசியர், என்ன நடந்தது?"

"திடீரெண்டு திரும்பிப்போட்டா" என்றேன்.

அந்த நேரத்தில் அதை நான் நம்பினேனா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். காணாத ஆள் முன்னால் விழுந்தால், அவர் திடீரென்று வந்ததாகத்தான் படும். அது பாதி. மற்றப் பாதி இது. சோறு சிந்திய தடத்தை அப்போதே கண்டேன். வீதியோரத்தை ஒட்டி, நூல் பிடித்தது போல நேராகக் கிடந்தது. முப்பது வருடம் வீதிக்கு நூல் பிடித்தவனுக்கு அது விளங்காமல் போகாது. திரும்பின சைக்கிளின் சோறு அப்படிச் சிந்தாது. விளங்கியது. வாயை மூடிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள்.

அவரை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. இளம் டொக்டர் ஒருவர், என்னைச் சொந்தக்காரன் என்று நினைத்து விளக்கம் சொன்னார்.

"சின்னக் கார் எண்டால் முழங்காலிலை பட்டு, ஆளைத் தூக்கிப் பொனற்றிலை போட்டிருக்கும். கால் முறிஞ்சிருக்கும், சுகமாகியிருக்கும். இப்ப வாற வாகனங்கள் உயரம். இடுப்பிலை அடிச்சு ஆளைக் கீழை விழுத்துது. எங்களுக்கு இப்ப இப்பிடித்தான் கனபேர் வருகினம்."

"ஆர் ஓட்டினது?" என்று கேட்டார். நான் என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நாலாம் நாள் தோடம்பழத்தோடு போனேன். அவருக்கு நினைவு நன்றாகத் திரும்பியிருந்தது, அந்தக் காலை நேரம் மட்டும் திரும்பவில்லை. சோற்றை வடித்தது நினைவிருக்கிறது. படலையைச் சாத்தியது நினைவிருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரி முகடு. நடுவில் வெறுமை. அந்த வெறுமையை ஊர் நிரப்பிக் கொடுத்திருந்தது, என்னுடைய வசனத்தால்.

"நான் பாக்காமல் திரும்பிப்போட்டனாம் ஐயா" என்றார். "என்னாலை உங்களுக்கும் பொலிசு, விசாரணை எண்டு கரைச்சல். கோவியாதையுங்கோ."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அதையெல்லாம் யோசியாதை பிள்ளை, சுகமாகினால் காணும்" என்றேன். நல்ல மனிசன் போலப் பேசுவது எவ்வளவு சுலபமாக இருந்தது. பொலிசுக்கும் அவர் அதையே சொன்னார். விசாரணை சமாதானமாக முடிந்தது.

ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார்கள். அதுவும் என் அடி சறுக்கியதாகக்கூட அவர்கள் நினைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சனசமூக நிலையத்தில் வீதிப் பாதுகாப்பைப் பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். மேட்டைத் திரும்பப் போடவேண்டும் என்று ஒரே ஒரு தாய் எழும்பிச் சொன்னார். உடனே நாலு பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. மேட்டில் ஏறி இறங்க நாரி முதுகெல்லாம் நோகும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அம்புலன்ஸ் பிந்தும். அடுத்த திருவிழாவுக்குத் திரும்பவும் உடைக்க வேண்டிவரும்.

"மேடெல்லாம் என்னத்துக்கு?" என்றார் கூட்டத் தலைவர், அவரும் ஜீப்காரர். "ஆக்கள் கவனமா இருந்தால் சரி. பள்ளிக்கூடத்தடியிலை சைக்கிளாலை இறங்கி உருட்டிக்கொண்டு போகச் சொல்லுவம்."

ஏகமனதாக நிறைவேறியது. அறிவிப்புப் பலகையின் வாசகத்தை எழுதுகிற வேலையை என்னிடம் தந்தார்கள், எழுத்து வடிவென்று. "சைக்கிளில் வருவோர் இறங்கி உருட்டிச் செல்லவும்" என்று எழுதினேன். இரண்டரைத் தொன்னில் வருகிறவனுக்கு அந்தப் பலகையில் ஒரு சொல்லும் இல்லை. சட்டமும் திட்டமும் இப்படித்தான் பிறக்கின்றன என்று அன்றைக்கு விளங்கியது. பாரமானவனை அசைக்க ஏலாது, ஆகவே இலேசானவனை இறங்கி நடக்கச் சொல்கிறோம். இதை எழுதும்போதும் அந்த இடத்தில் தார் சமமாகத்தான் கிடக்கிறது.

என்னை உடைத்தது அந்தக் கூட்டமும் இல்லை. ஒரு பின்னேரம் முற்றத்தில் ஜீப்பை எடுக்க ஏறினேன். ஸ்ரார்ட் பண்ணி மெல்ல நகர்த்தினேன். ஒரு கூச்சல் கேட்டது. மனைவி. கோயிலுக்குப் போகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இடது மூலையில் நின்றிருக்கிறாள். நான் பார்த்துத்தான் எடுத்தேன். அவள் அங்கே இல்லை. என் கண்ணுக்கு அங்கே ஒருவரும் இல்லை.

இறங்கி அவளுடைய கையைப் பிடித்தேன். பிறகு, ஓவசியர் அல்லவா, நாடாவை எடுத்தேன்.

"ஒருக்கால் சைக்கிளிலை ஏறி, முதல் நிண்ட இடத்திலையே நில்லும்" என்றேன். நான் ஏறி இருந்தேன்.

"தெரியுதோ?" என்றாள்.

"இல்லை."

முன்கண்ணாடிக்கு இடப்பக்கத்து முன்தூணை, கூரையின் பாரத்தைத் தாங்குவதற்காக என் தொடைப் பருமனில் வைத்திருக்கிறார்கள். அதோடு வெளியே நீட்டிய பக்கக் கண்ணாடியும் சேர்ந்து ஒரு முழு மனிசியை மறைத்தன. சைக்கிளின் முன் சில்லைப் பொனற் விழுங்கியது. ஸ்ரியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, ஆமை வேகத்தில் விட்டுக்கொண்டு, அவளை நேராக நாலு அடி முன்னால் வரச் சொன்னேன். அவள் நகர நகரத் தூணும் அவளோடு நகர்ந்தது.

"இப்ப தெரியுதோ?"

"இல்லை."

"இப்பவோ?"

நான் பிறேக்கை அமத்தினேன். அவள் சைக்கிளால் இறங்கி, என் பக்கக் கதவடிக்கு வந்து நின்றாள்.

"அப்ப அவா திரும்பேல்லை" என்றாள்.

ஓமென்று தலையை ஆட்டினேன்.

"நீங்கள் இது தெரிஞ்சோ இவ்வளவு நாளும் இருந்தனீங்கள்?"

அதற்கும் தலையைத்தான் ஆட்ட முடிந்தது. அவள் கோயிலுக்குப் போகவில்லை. உள்ளே போய் விறாந்தை லைற்றைப் போட்டுவிட்டு, இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நான் அடுத்த ஒழுங்கைக்குப் போனேன்.

அந்தப் பெண் முற்றத்தில் கதிரையில் இருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். கணவன் மேசன் வேலைக்குப் போயிருந்தார். சாப்பாடு சமைக்கிற வேலை வேறொருவருக்குப் போய்விட்டது, இவருக்குச் சைக்கிளில் இனி ஏற ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். எழும்ப வேண்டாம் என்றேன். தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுக்கப் போனார். அதையும் வேண்டாம் என்றேன். நின்றபடியே சொன்னேன், இருந்தால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று பயம்.

"நீ திரும்பேல்லை பிள்ளை. நேரைதான் போனனீ. திரும்பினது நான். உன்னை நான் காணேல்லை. எல்லாருக்கும் பொய் சொல்லிப்போட்டன்."

அவர் ஊன்றுகோலை எடுத்து மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

"நேரையோ போனனான்?"

"ஓம்."

"வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும். சோறு சிந்தின தடம் நேரைதான் கிடந்தது. அண்டைக்கே கண்டனான்."

அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்று எனக்குள் ஆசையும் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"போன மாசம் பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்கு வீதி ஒழுங்கு படிப்பிச்சவை. என்னையும் கூப்பிட்டவை. முன்னாலை கதிரை போட்டு இருத்திச்சினம். என்ன நடந்ததெண்டு பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, அப்பத்தான் கவனமா இருப்பினம் எண்டு கேட்டவை. சொன்னன் ஐயா. 'நான் பாக்காமல் திரும்பினபடியாத்தான் இப்பிடி வந்தது, நீங்கள் என்னை மாதிரிச் செய்யாதையுங்கோ' எண்டு என்ரை வாயாலை சொன்னன். என்ரை கையாலை சாப்பிட்ட பிள்ளையள். எல்லாம் என்னைப் பாத்துக்கொண்டு இருந்ததுகள்."

முற்றத்து மாமரத்தைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி மறித்தார்.

"எனக்குச் சொன்னது காணாது. நாளைக்குக் காலமை ஏழரைக்குப் பிரார்த்தனை. பிள்ளையள் எல்லாம் நிக்குங்கள். நானும் வாறன். வந்து சொல்லுவியளோ?"

"சொல்லுறன்" என்றேன்.

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நடந்து வாங்கோ."